எலிக்கு வைக்கும் விஷம் பிள்ளைக்கு எமன்! குழந்தைகள் காப்பகத்தில் பூச்சியை ஒழிப்பது எப்படி?

2024-ம் ஆண்டு நவம்பர் மாதம். சென்னையை அடுத்த குன்றத்தூர் அருகே ஒரு அடுக்கு மாடி வீடு. எலித் தொல்லை தாங்கவில்லை என்று ஒரு கம்பெனியை கூப்பிட்டு எலி மருந்து வைத்தார்கள். அன்று இரவு ஏ.சி.யை போட்டுக்கொண்டு, கதவை சாத்திக்கொண்டு குடும்பத்தோடு படுத்தார்கள்.

விடிந்தபோது நான்கு பேருக்கும் வாந்தி, மயக்கம். ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 6 வயது மகளும், 1 வயது மகனும் பரிதாபமாக இறந்தார்கள். தாய் - தகப்பன் உயிருக்கு போராடினார்கள். மருந்து வைத்த கம்பெனி மீது போலீசார் வழக்குப் போட்டார்கள்.

அந்த வீட்டில் எலி கடித்து யாரும் சாகவில்லை. எலியை கொல்ல வைத்த மருந்துதான் பிள்ளைகளை கொன்றது.

ஒரு வீட்டில் 2 குழந்தைகள் இருந்தார்கள். ஒரு காப்பகத்தில் 20 குழந்தைகள் இருப்பார்கள், 30 பேர் இருப்பார்கள். அங்கே இப்படி ஒரு தவறு நடந்தால் என்ன ஆகும்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

54 ஆயிரம் அங்கன்வாடி

தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி நாட்டில் தொடங்கிய குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வருகிறவை இவை. ஜனங்கள் வாயில் இன்னும் "பால்வாடி"தான்.

இது போக தனியார் காப்பகங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. 50 பேரோ, அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் சட்டத்தை திருத்தினார்கள். காலையில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு போகிற தாய்மார், "நம்ம புள்ள பத்திரமா இருக்கு" என்ற ஒரே நம்பிக்கையில்தான் பஸ் ஏறுகிறார்கள்.

காப்பகம் என்றால் அங்கே அரிசி இருக்கும், பருப்பு இருக்கும், சத்துமாவு இருக்கும், முட்டை இருக்கும். குழந்தைகள் சாப்பிடும்போது பாதி வாயில், பாதி தரையில். எலிக்கும், கரப்பான் பூச்சிக்கும், எறும்புக்கும் அது கல்யாண வீடு. பூச்சி வருவதில் ஆச்சரியம் இல்லை. அதை எப்படி விரட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பூச்சியும் சும்மா இல்லை

பூச்சியை அப்படியே விட்டுவிடவும் முடியாது. எலியின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். கரப்பான் பூச்சியின் எச்சமும், உதிர்ந்த தோலும் தூசியோடு கலந்து மூச்சில் போனால், இளைப்பு உள்ள குழந்தைக்கு அது அதிகமாகும். ஈ மொய்த்தால் வயிற்றுப்போக்கு. கொசு கடித்தால் டெங்கு.

சத்துணவில் பல்லி விழுந்தது, குழந்தைகளுக்கு வாந்தி என்று அடிக்கடி செய்தி வருகிறது. வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் அதன் குடலில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கும். அது வயிற்றைக் கெடுக்கும். பாத்திரத்துக்கு ஒரு மூடி போட்டால் தீர்ந்தது. அதற்காக சுவர் முழுக்க மருந்து அடிக்க வேண்டியது இல்லை.

பெரியவருக்கு சிறிது, பிள்ளைக்கு பெரிது

"லேசாத்தானே அடிச்சோம், ஒண்ணும் ஆகாது" என்பார்கள். பெரியவர்களுக்கு வேண்டுமானால் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். 2 வயதுக் குழந்தையின் எடை 10, 12 கிலோதான். எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களை விட குழந்தைதான் அதிக காற்றை இழுக்கிறது.

நாம் நின்றுகொண்டு மருந்து அடிக்கிறோம். அது போய் படிவது தரையில். குழந்தை தவழ்வதும், உருள்வதும், படுத்துத் தூங்குவதும் அதே தரையில். தொட்ட கை நேராக வாய்க்குப் போகிறது. பொம்மையும் வாய்க்குப் போகிறது.

பலப்பமா, விஷமா?

கரப்பானுக்கும் எறும்புக்கும் கோடு போடுகிற சாக்பீசை கடையில் விற்கிறார்கள். பார்க்க அச்சு அசலாக பள்ளிக்கூட சாக்பீஸ். அதில் இருப்பது பூச்சி மருந்து. பலப்பம் கடிக்கிற வயதில் உள்ள பிள்ளைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா? காப்பகத்துக்குள் அந்த சாக்பீசே நுழையக்கூடாது.

அந்துருண்டையும் அப்படித்தான். வெள்ளை வெளேர் என்று பெப்பர்மிண்ட் மாதிரி இருக்கும். நாப்தலின் உருண்டையை விழுங்கினால் ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் உடையும். சில குழந்தைகளுக்கு பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதிக் குறை இருக்கும். அவர்களுக்கு ஒரு உருண்டையே ஆபத்து.

பீரோவில் பூச்சி வராமல் இருக்க கற்பூரம் போடுகிறவர்கள் உண்டு. கல்கண்டு என்று நினைத்து குழந்தை வாயில் போட்டால் சிறிது நேரத்தில் வலிப்பு வந்துவிடும்.

"நாங்க இயற்கை மருந்துதான்" என்று சொல்லி வேப்பெண்ணெயை வைத்திருப்பார்கள். அதை கைக்குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும். வேப்பிலைப் புகையை மூடிய அறையில் போட்டால் இளைப்புக்காரப் பிள்ளை திணறும். இயற்கை என்ற பேரை வைத்து ஏமாந்துவிடக் கூடாது.

வடையில் எலி மருந்து

எலி மருந்தை வடையிலும், தக்காளியிலும், தேங்காய் சில்லிலும் தடவி மூலையில் வைப்பது நம் ஊர் வழக்கம். எலிக்கு ருசி என்றால் குழந்தைக்கும் ருசிதானே? இப்படி சாப்பிட்டு செத்த பிள்ளைகளின் செய்தியை இந்த ஊர் பத்திரிகைகள் எத்தனை முறை போட்டிருக்கும்!

எலி மருந்தில் பல ரகம். எல்லாவற்றிலும் பொல்லாதது மஞ்சள் பாஸ்பரஸ் பசை. இதற்கு முறிவு மருந்து கிடையாது. முதல் நாள் வாந்தி எடுக்கும். அப்புறம் ஒன்றிரண்டு நாள் தேறிவிட்டது போலத் தெரியும். "புள்ள நல்லாயிடுச்சு" என்று வீட்டுக்கு தூக்கிப் போவார்கள். அதன் பிறகுதான் ஈரல் கெட்டு, மஞ்சள் காமாலை கண்டு உயிர் போகும். 2022-ல் தமிழக அரசு இந்த பசைக்கு தடை நடவடிக்கை எடுத்தது.

கேக் மாதிரி விற்கிற எலி மருந்து வேறு ரகம். அது ரத்தத்தை உறைய விடாது. சாப்பிட்டு சில நாள் கழித்துத்தான் ஈறிலும், மூக்கிலும் ரத்தம் வரும். இதற்கு வைட்டமின் 'கே' என்ற முறிவு மருந்து இருக்கிறது. ஆனால் நேரத்தில் போக வேண்டும்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை என்று ஒன்று உண்டு. தானியக் கிடங்குக்கு உரியது. ஈரக் காற்று பட்டாலே விஷ வாயுவைக் கக்கும். மனிதர் புழங்குகிற கட்டிடத்தில் இதை எலிக்கு வைப்பது கொலைக்குச் சமம்.

காப்பகத்துக்குள் எலி மருந்தே வேண்டாம் என்பதுதான் சரியான முடிவு.

எலிக்கு எத்தனை வாசல்?

திருடன் வந்தால் முதலில் பார்ப்பது எந்த வழியாக வந்தான் என்றுதான். எலிக்கும் அதே விசாரணை. ஒரு பென்சில் நுழைகிற ஓட்டை இருந்தால் சுண்டெலி வந்துவிடும். கட்டை விரல் நுழைந்தால் எலியே வந்துவிடும்.

கதவுக்குக் கீழே இடைவெளி, தண்ணீர் போகிற துவாரம், குழாய் சுவரில் நுழையும் இடம், உடைந்த ஜன்னல் வலை - இந்த நான்கும்தான் எலியின் ராஜபாட்டை. ஓட்டையில் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை திணித்து மேலே சிமெண்ட் பூசினால் எலி கடிக்க முடியாது. கதவின் அடியில் தகரப் பட்டை அடிக்கலாம். தண்ணீர் துவாரத்துக்கு இரும்பு ஜல்லடை போடலாம். ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை.

உள்ளே மாட்டிக்கொண்ட எலிக்கு பொறிக்கூண்டு போதும். எலி நடு ரூமில் ஓடாது, சுவர் ஓரமாகத்தான் ஓடும். கூண்டை சுவரை ஒட்டி வைக்க வேண்டும். பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு வைத்து, காலையில் முதல் பிள்ளை வருவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். விரலை நசுக்குகிற பொறி பகலில் தரையில் கிடக்கக் கூடாது.

அரிசி மூட்டையையும், சத்துமாவு பாக்கெட்டையும் தரையில் போடாமல், அரை அடி உயரத்தில் பலகை மீது, சுவரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். பிரித்த பாக்கெட் இறுக்கமான மூடி உள்ள டின்னில் போக வேண்டும்.

இரவு நேரத் திருடன்

கரப்பான் பூச்சி இரவில்தான் வெளியே வரும். பகலிலேயே கண்ணில் பட்டால், உள்ளே இடம் இல்லாத அளவுக்கு கூட்டம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சமையல் கட்டில் திரிகிற சின்ன, பழுப்பு நிற ஜெர்மன் கரப்பான் ஒரு முட்டைப் பையில் 30, 40 குஞ்சு பொரிக்கும்.

இது சாப்பாடு இல்லாமல் ஒரு மாதம் கூட தாக்குப் பிடிக்கும். தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. சொட்டுகிற குழாயை சரி செய்வதும், ராத்திரி தொட்டியைத் துடைத்து காய வைப்பதும் பாதி மருந்துக்குச் சமம்.

முட்டை வருகிற அட்டைத் தட்டுகளை "பிறகு உதவும்" என்று மூலையில் அடுக்கி வைப்பார்கள். கரப்பானுக்கு அதை விட நல்ல வீடு கிடையாது. அட்டைப் பெட்டி, பழைய பேப்பர் எல்லாவற்றையும் அன்றன்றே வெளியேற்ற வேண்டும்.

இதற்கும் அடங்காவிட்டால் ஸ்பிரே வேண்டாம், ஜெல் மருந்து போடலாம். துவரம் பருப்பு அளவு சொட்டு. அலமாரி கீலின் பின்னால், அடுப்பு மேடைக்கு அடியில், குழந்தையின் கை எட்டாத சந்தில் மட்டும். கரப்பான் அதைத் தின்று தன் பொந்தில் போய் சாகும். காற்றில் நெடி பரவாது. ஜெல் போட்ட இடத்தில் ஸ்பிரேயும் அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. காசும் போச்சு, காரியமும் போச்சு.

எறும்புக்கு மருந்தே தேவை இல்லை. சிந்தியதைத் துடைத்து, எறும்பு வந்த வழியை சோப்புத் தண்ணீரால் கழுவினால் தடம் அழிந்துபோகும். புற்று வாயை அடைத்துவிடலாம்.

மூட்டைப் பூச்சி பிள்ளைகள் கொண்டுவருகிற பாயிலும், பையிலும் ஏறி வரும். துணியை வெந்நீரில் அலசி, பாயை உச்சி வெயிலில் உதறிக் காய வைக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் படுக்கையும் தனித்தனியாக இருக்க வேண்டும். படுக்கை மேல் மருந்து அடிக்கவே கூடாது.

பகலில் கடிக்கிற கொசு

டெங்கு கொசு பகலில் கடிக்கும். பிள்ளைகள் காப்பகத்தில் இருப்பதும் பகலில்தான். இந்தக் கொசு சாக்கடையில் வளராது. நல்ல தண்ணீரில் வளரும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் தொட்டி, குடம், பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு எல்லாவற்றையும் காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும். ஜன்னலுக்கு வலை அடிக்க வேண்டும்.

சாத்திய அறையில் கொசுவர்த்தி ஏற்றுவது கூடாது. ஒரு கொசுவர்த்திச் சுருள் கக்குகிற நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் கக்குகிற தூசிக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஆராய்ச்சி சொல்கிறது. பிளக்கில் சொருகுகிற கொசு மருந்து பாட்டிலை பிடுங்கிக் குடித்த குழந்தைகள் உண்டு. தரையோரம் உள்ள பிளக்கில் அதை மாட்டவே கூடாது.

பாட்டில் மாறியது, 23 உயிர் போனது

2013-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். மதிய சாப்பாடு சாப்பிட்ட குழந்தைகள் வரிசையாக சுருண்டு விழுந்தார்கள். 23 பிஞ்சுகள் இறந்தார்கள். சோதனையில் சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பயிர் மருந்து இருந்தது தெரியவந்தது. மருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை வைத்ததுதான் காரணம். தலைமை ஆசிரியைக்கு 2016-ல் கோர்ட்டு சிறைத் தண்டனை விதித்தது.

அதற்கு வெகு காலம் முன்பே, 1958-ல், கேரளத்தில் 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கப்பலில் கோதுமை மாவோடு பாரத்தியான் என்ற பூச்சி மருந்தும் வந்தது. மருந்து கசிந்து மாவில் கலந்துவிட்டது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 1968-ல் பூச்சிக்கொல்லி சட்டமே வந்தது.

இரண்டிலும் குற்றம் ஒன்றுதான். விஷமும் சாப்பாடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

காப்பகத்தில் பினாயில், ஆசிட், பூச்சி மருந்து எதுவாக இருந்தாலும் பூட்டு போட்ட தனி அலமாரியில், உயரத்தில், சமையல் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். வந்த டப்பாவிலேயே இருக்க வேண்டும். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பது பிள்ளைக்கு நாமே விஷத்தை நீட்டுவதற்குச் சமம். காலி டப்பாவை உடைத்து அப்புறப்படுத்த வேண்டும். "நல்ல டப்பாவா இருக்கே" என்று பருப்பு போட எடுக்கக் கூடாது.

கம்பெனி ஆள் வந்தால்

சில நேரம் கம்பெனியைத்தான் கூப்பிட வேண்டி வரும். அப்போது காப்பக நடத்துனர் கேட்க வேண்டியவை:-

1. லைசென்ஸ் எங்கே? நகலை வாங்கி வைக்க வேண்டும்.

2. என்ன மருந்து? பெயரை எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். "எங்க மருந்து, பேரெல்லாம் சொல்ல முடியாதுங்க" என்றால் வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

3. டப்பாவில் என்ன நிற முக்கோணம்? இந்தியாவில் சிவப்பு என்றால் கடும் விஷம். அடுத்தது மஞ்சள், அதற்கும் குறைவு நீலம், எல்லாவற்றிலும் குறைவு பச்சை. சிவப்பும் மஞ்சளும் காப்பகப் படி ஏறக்கூடாது. பச்சை என்றாலும் மருந்து மருந்துதான்.

4. எத்தனை நேரம் கழித்து உள்ளே வரலாம்? டப்பாவில் போட்டிருப்பதற்குக் குறையக் கூடாது.

சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகுதான் வேலை நடக்க வேண்டும். அதற்கு முன் பொம்மை, பாய், தட்டு, டம்ளர், தண்ணீர்ப் பானை எல்லாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு காற்று ஓட விட வேண்டும். பிள்ளைகள் தொடுகிற தரையையும், மேஜையையும் சோப்புத் தண்ணீரால் துடைத்த பிறகுதான் திங்கட்கிழமை கதவைத் திறக்க வேண்டும். ஏ.சி. உள்ள அறை என்றால் இரட்டிப்பு எச்சரிக்கை. நெடி அடித்தால் அன்றைக்கு லீவு விட்டுவிடுவதே மேல்.

பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். என்று, எங்கே, எந்த மருந்து போட்டார்கள் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால் நாளைக்கு டாக்டர் கேட்கும்போது உதவும்.

விழுங்கிவிட்டால்?

முதல் வேலை 108-க்கு போன். டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் உள்ள தேசிய விஷத் தகவல் மையத்துக்கும் போன் செய்து யோசனை கேட்கலாம். நம்பர்: 1800 116 117. காசு இல்லாத நம்பர்.

உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், சாணித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது பெரிய தவறு. மண்ணெண்ணெய் கலந்த மருந்து என்றால் வாந்தி நுரையீரலுக்குள் போய் அதுவே உயிரைக் குடிக்கும். மயக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

தோலில் பட்டிருந்தால் சட்டையைக் கழற்றி, சோப்பு போட்டு, கால் மணி நேரம் தண்ணீர் விட வேண்டும். கண்ணில் பட்டாலும் அப்படியே தண்ணீர் விட வேண்டும். நெடியால் மயங்கினால் முதலில் வெளிக்காற்றுக்குத் தூக்கி வர வேண்டும். மருந்து டப்பாவை கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான முறிவு மருந்தைக் கொடுக்க முடியும். பிள்ளை சிரிக்கிறது, விளையாடுகிறது என்று பார்த்து விட்டுவிடக் கூடாது. எலி மருந்து சில நாள் ஒளிந்திருந்து கொல்லும்.

தாய்மாரே, கேளுங்கள்!

பிள்ளையைச் சேர்க்கும்போது பீஸ் எவ்வளவு, ஏ.சி. உண்டா, இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பீர்களா என்று கேட்கிறோம். இன்னும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். "இங்கே எலிக்கு என்ன செய்கிறீர்கள்? மருந்தெல்லாம் எங்கே பூட்டி வைத்திருக்கிறீர்கள்? கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள்?"

சமையல் கட்டை ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கலாம். தண்ணீர் துவாரத்துக்கு ஜல்லடை இருக்கிறதா, சுவரில் ஓட்டை இருக்கிறதா, கை எட்டும் உயரத்தில் ஸ்பிரே டின் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற காப்பகம் என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

ஆயாக்களையும் டீச்சர்களையும் மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. ஓட்டை விழுந்த சுவரையும், சொட்டுகிற குழாயையும் அவர்கள் கைக்காசு போட்டு சரி செய்ய முடியாது. அங்கன்வாடி என்றால் கவுன்சிலரிடமும், அதிகாரியிடமும் ஏரியாவாசிகள் சேர்ந்து மனு கொடுக்கலாம். ஒரு ஜன்னல் வலை, ஒரு கதவுத் தகடு, ஒரு பூட்டு உள்ள அலமாரி. கேட்பது இவ்வளவுதான்.